கிரீஸ் துவாரத்துக்கு எதிரே

பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தியவர் என்று எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அப்பாவுக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் கேட்டு ரொம்ப நாள் எனக்கு மானம் போயிருக்கிறது.

அப்பா பொக்லைன் ஆபரேட்டர். நான் ஐந்தாவது படிக்கும்போது, குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் ரோட்டில் மண் சரிந்தது. அதை அள்ளப் போன அப்பாவின் வண்டியே ஒரு பக்கச் செயின் கழன்று ரோட்டை மறித்து நின்றுவிட்டது. செயின் என்றால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் கனத்த இரும்புப் பட்டை. பின்னால் பச்சைத் தேயிலை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டின. மூட்டைக்குள் இலை சூடேறிவிட்டால் ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் மழை லீவு. நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

செயினை மறுபடி மாட்ட முதலில் அதைத் தளர்த்த வேண்டும். அதை இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ். பக்கவாட்டில் ஒரு துவாரம், அதற்குள் ஒரு திருகு. ஒரே ஒரு சுற்று தளர்த்தினால் கிரீஸ் மெல்லக் கசியும். மேலும் சுற்றினால் திருகு தோட்டா மாதிரி தெறிக்கும். அதற்கு நேராக நிற்கவே கூடாது என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் அப்பா எனக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்.

அன்று ஒரு சுற்றுக்குக் கிரீஸ் வரவில்லை. செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கல் மாட்டியிருந்தது.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க. பயந்தா வேலையாகுமா?" என்றார் வண்டி முதலாளி, குடைக்குள் நின்றபடி.

அப்பா முடியாது என்றார். லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓயவில்லை. அப்பா சேற்றில் ஒருக்களித்துப் படுத்து ஸ்பேனரைத் திருகில் மாட்டினார். அவர் முகம் துவாரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அப்போதுதான் கொழுந்து பறித்த கோலத்தோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அம்மா தூக்குப்போசியோடு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு துவாரத்துக்கு நேர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, சாப்புட்டுட்டு சுத்துங்க. சோறு ஆறிப்போகுது."

"அம்மா, அங்க உக்காராத" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை.

"இது சாப்பிடற நேரமாம்மா? எந்திரிங்க" என்றார் முதலாளி.

"அவரு சாப்புடாம நான் எந்திரிக்கறதா இல்லீங்க" என்று ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள்.

அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஸ்பேனரைக் கழற்றிக் கீழே போட்டார். மழைத் தண்ணீரில் கை கழுவி, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டார்.

"இனி அதைத் தொட மாட்டனுங்க" என்று முதலாளியிடம் சொன்னார். எல்லோரையும் தூர விரட்டிவிட்டு வண்டியில் ஏறினார். பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, செயினை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். ரொம்ப நேரம் கழித்துக் கல் விழுந்தது. கிரீஸ் கறுப்பாக வழிந்தது.

செயினை மாட்டி வண்டியை ஓரம் கட்டியபின் லாரிகள் போகும்போது இருட்டிவிட்டது. பாதி இலை வீணாகிப்போனது. அந்த முதலாளி அதன்பின் அப்பாவை வேலைக்குக் கூப்பிடவே இல்லை.

திரும்பி நடக்கையில் அம்மாவை ஒரு பிடி பிடித்தேன். மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மா அநியாயமாகச் சாகப் பார்த்தாளே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும். கிரீஸ், திருகு, தோட்டா எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். எதையோ புதிதாகக் கேட்பவள்போல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்படியா கண்ணு? எனக்கென்ன தெரியும்" என்றாள்.

அவ்வளவு பெரிய ரோட்டில் உட்கார உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று வீடு வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.