ஐஸ் பெட்டிக்கு மேல லெப்டொப்

என்ர லெப்டொப் இப்ப பாட்டுப் போட்டா விக்கலெடுக்குது மச்சான். நாலு வரி ஒழுங்காப் பாடும், பிறகு "கா கா கா" எண்டு காகம் மாதிரிக் கரையும். வைபையை நிப்பாட்டிப் பாத்தன். திறந்து கிடந்ததெல்லாம் மூடிப் பாத்தன். அடியில தொட்டா தோசைக்கல்லு. அந்தச் சூடு கையில பட்டதும் எனக்கு மீன் நாத்தம் மூக்கில ஏறிச்சுது. ஏனெண்டு கேள்.

எங்கட ஊர் ஓலைத்தொடுவாயில நானும் கூட்டாளி அன்ரனும் கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போட்டுத் திரிஞ்ச காலம். பத்தாம் வகுப்போட படிப்பை விட்ட ரெண்டு பேர், ஒரு பழைய லெப்டொப், ரெண்டு பெரிய ஸ்பீக்கர். சனம் பகிடிக்கு "இஞ்சினியர்மார்" எண்டு கூப்பிடும். நாங்களும் வெக்கமில்லாமல் திரும்பிப் பாப்பம்.

பிலோமினா மாமியின்ர மகளுக்குக் கலியாணம். மகன் ஜூட் கட்டாரில, லீவு கிடைக்கேல்லை. தங்கச்சிக்கெண்டு ஒரு பாட்டுப் பாடி அனுப்பியிருந்தான். மாமி விடியத்தொடக்கம் என்ர பின்னால: "தம்பி, என்ர பிள்ளையின்ர குரல் பந்தல் முழுக்கக் கேக்கவேணும்."

போட்டன். ஒரே விக்கல்.

அன்ரன் லெப்டொப்பைத் தொட்டுப் பாத்தான். "இதுக்குக் காய்ச்சலடா. மீனெண்டா என்ன செய்வம்? ஐஸில வைப்பம்!"

கடற்கரையில மீன் வாடிக் கொட்டிலில இருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்து, மூடிக்கு மேல லெப்டொப்பை வைச்சம். முன்னுக்கிருந்த சனம் மூக்கைப் பொத்திச்சுது. பாட்டு நல்லா ஓடிச்சுது. கடைசி வரியில திரும்பவும்: "தங்... தங்... தங்கச்சி..."

நிப்பாட்ட ஓடினன். மாமி கையைப் பிடிச்சா.

"விடு தம்பி. பிள்ளை அழுறான்."

பந்தலே அழுதுது. விக்கினது லெப்டொப்தான் எண்டு தெரிஞ்ச அன்ரனும் அழுதான், மடையன்.

பெட்டியின்ர ஈரம் உள்ள இறங்கி அடுத்த நாள் லெப்டொப் செத்துப்போச்சு. அன்ரனும் பிறகு கட்டாருக்குப் போயிட்டான். ஸ்பீக்கர் ஒண்டுக்குள்ள இப்ப கோழி அடைகாக்குது. என்னை இஞ்சினியர் எண்டு கூப்பிட ஒருத்தரும் இல்லை.

போன கிழமை மாமி அந்தப் பாட்டைக் கேட்டா. ஜூட்டிட்டத் திரும்ப வாங்கி, என்ர போனில போட்டன். ஒரு விக்கல் இல்லை. மாமி கடைசி வரி முடியுமட்டும் காத்திருந்தா.

"இப்ப அவன் அழேல்லையே தம்பி?"

எல்லாத்துக்கும் ஒரு பகிடி வைச்சிருக்கிறவன் நான். அண்டைக்குப் போனை அமத்திப்போட்டு வீட்டை வந்திட்டன்.

இனி இந்த லெப்டொப்பைத் திருத்தப் போறேல்லை மச்சான். ஜூட்டின்ர பாட்டை இதில ஏத்திப்போட்டன். நாளைக்கு மாமியிட்டக் கொண்டுபோறன், வெயிலில வைச்சு நல்லாச் சூடாக்கிக்கொண்டு.