பொம்மைக்கு ஒரு நாற்காலி

கூடுவாஞ்சேரியிலிருந்து நான் வரும் காலை ரயிலில், அந்த அம்மாள் ஊரப்பாக்கத்தில் ஏறுவார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த பின்னல், தோளில் துணிப்பை. வெளியூர் போய் வருகிறவர்களிடம் மலிவான சாவிக்கொத்துப் பொம்மைகளைக் கேட்டு வாங்கித் தன் பொம்மைவீட்டுக்குச் சாமான் சேர்ப்பவர். எது கிடைத்தாலும், பையிலிருந்து விரலளவு பொம்மை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்பார்.

ஒருநாள் என் சாவிக்கொத்தில் தொங்கிய மரநாற்காலியைக் கவனித்தார். மைசூரில் வாங்கியது. பொம்மையை அதில் உட்கார வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"சார், வூட்ல கட்டில் கீது, அடுப்பு கீது. பாப்பா உக்காரத்தான் ஒண்ணும் இல்ல. இத குடுப்பீங்களா?"

"வேற வளையம் வாங்கி சாவிய மாத்திட்டு நாளைக்குத் தரேம்மா," என்றேன். சாவிகளை வளையமில்லாமல் வைக்கும் வழக்கம் எனக்கில்லை.

மறுநாள் மறந்தேன். அதற்கு மறுநாளும் மறந்தேன்.

"வுடுங்க சார், அவ நின்னுகினே பழகிட்டா," என்று சிரித்தார்.

அன்று மாலையே வளையம் வாங்கிவிட்டேன். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. ரயில் ஊரப்பாக்கத்தில் நிற்கும்போதெல்லாம் நாற்காலியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். சாவிகளைக் கோக்க, அவர் கேட்ட அன்றைக்கே ஒரு துண்டு நூல் போதுமாயிருந்திருக்கும்.