கடலுக்குப் போன என் இரண்டு அண்ணன்மார்

பெரியண்ணனின் தலைத்திவசத்துக்காக வெயிலையும் தூரத்தையும் பாராமல் வண்டியூருக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. இந்த நினைவு மலர் அவருக்காக அச்சிடப்பட்டதுதான். ஆனாலும் முகப்பில் இரண்டு படங்களைக் காண்பீர்கள். நெஞ்சு நிமிர்ந்து நிற்பவர் பெரியண்ணன். தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பவர், யுத்தத்தில் கடலோடு போய்விட்ட சின்னண்ணன். அவர்களுக்குப் பின் பிறந்த ஒரே தங்கை நான்.

பெரியண்ணனைப் பற்றி நம் உறவில் பலவிதமான பேச்சு உண்டு. அவற்றில் சில பேச்சுகளுக்கு நானும் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

எங்கள் தந்தையார் மதுரை ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டி வந்தார். ஒரு கோடையில் வந்த வாந்திபேதி மூன்றே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது. அப்போது பெரியண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா பஞ்சாலையில் நூல் சுற்றும் வேலைக்குப் போனார். அண்ணன் பள்ளியை விட்டுவிட்டுக் கடைசல் பட்டறைக்குப் போனார். தம்பியும் தங்கையும் பள்ளிக்கூடத்தை விடக் கூடாது என்பதில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார். சின்னண்ணன் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்ததும், நான் இன்று ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பதும் அவருடைய உழைப்பால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன்மார் இருவரும் தெப்பக்குளத்தில் நீந்துவார்கள். எத்தனை நேரம் நீந்தினாலும் பெரியண்ணனுக்கு மூச்சு வாங்காது.

யுத்தம் வந்தபோது கடற்படைக்கு ஆள் எடுத்தார்கள். பெரியண்ணன் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் தாய்மாமன் கதர் கட்டியவர், மறியலுக்குப் போய்ச் சிறையும் கண்டவர். அவருக்குக் கோபம் தாங்கவில்லை.

"வெள்ளைக்காரன் சண்டைக்கு நம்ம வீட்டுப் பிள்ள எதுக்குடா சாகணும்?" என்றார்.

"சண்டை யாருதா இருந்தா என்ன மாமா, கப்பல்ல இருக்கறவுக பூராம் நம்ம ஆளுகதானே" என்று மட்டும் அண்ணன் சொன்னார். அன்று முதல் மாமா அவரோடு பேசவில்லை.

பம்பாயில் பயிற்சி முடிந்ததும் அண்ணனைப் பீரங்கிக்காரராக ஒரு சரக்குக் கப்பலுக்கு அனுப்பினார்கள். எண்ணெயும் தானியமும் ஏற்றிச் செல்லும் அத்தகைய கப்பல்களைக் காப்பதற்குக் கடற்படையார் சிலரை ஏற்றி அனுப்புவது அக்கால வழக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சின்னண்ணனும் கடற்படையில் சேர்ந்தார். கம்பியில்லாத் தந்தி வேலை அவருக்குப் பிடித்துவிட்டது. "அண்ணே இருக்கற எடத்துக்குத்தானம்மா போறேன்" என்று சிரித்துக்கொண்டே புறப்பட்டார்.

அவர் போன மறுவாரம் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பெரியண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவர் சொன்னதை நான் அப்படியே எழுதினேன். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு தெசையில கெடந்தா எனக்குச் சோறு எறங்காது. தம்பிய எப்படியாச்சும் ஒங் கப்பலுக்கே கூப்பிட்டுக்க. கண்ணு முன்னால வச்சுப் பாத்துக்க." இவ்வளவுதான் கடிதம். சின்னண்ணனின் பயிற்சி முடிந்ததும் இருவரும் ஒரே கப்பலில் இருப்பதாகப் பதில் வந்தது. அம்மா அன்றே மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டார்.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் தந்தி வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது, சின்னண்ணன் இறந்துவிட்டார், பெரியண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று இருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. மூத்தவன் வந்து தன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

நான்கு மாதம் கழித்துப் பெரியண்ணன் வந்தார். உடம்பு பாதியாக இருந்தது. இருமல் நின்றபாடில்லை. அம்மா வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்.

"ரெண்டு பேரு போனீக. நீ மட்டும் வந்து நிக்கிற. தம்பி எங்கடா?"

அண்ணன் தலைகுனிந்தார். "போயிட்டாம்மா."

"நீ பக்கத்துல இருந்தேல்ல? பெறகு அவன விட்டுட்டு நீ மட்டும் எப்படிடா கரையேறுன?"

"தப்புத்தாம்மா" என்றார் அண்ணன்.

சின்னண்ணனுக்கு வைகைக் கரையில் காரியம் நடந்தது. தமையன் என்ற முறையில் பெரியண்ணன் செய்ய வேண்டியது அது. "அவன் கையால வேணாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் அம்மா சொல்லிவிட்டார். தாய்மாமன் செய்தார். பெரியண்ணன் ஈர வேட்டியோடு, சூடேறிய மணலில் நூறடி தள்ளி நின்றார். தம்பியைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடி வந்தவன் என்று அன்று அங்கே சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது. அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

ஒருநாள் தனியாக இருக்கும்போது நான் கேட்டேன். "அண்ணே, அம்மா சொல்லி நான் எழுதுன கடுதாசியாலதான் சின்னண்ணன் ஒங்க கப்பலுக்கு வந்தாரா?"

"அந்தப் பேச்சே எடுக்காத தாயி. யார எந்தக் கப்பல்ல போடுறதுங்கறது துரைமாரு வேல. கடுதாசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அவர் மீண்டும் கடைசல் பட்டறைக்கே போனார். எங்கள் மதினியைக் கைப்பிடித்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் அம்மா அவருக்குச் சோறு போடுவதில்லை, மதினிதான் போடுவார். வீட்டுக்கு வேண்டியது எதிலும் அண்ணன் குறைவைக்கவில்லை. அம்மா பேசுவதெல்லாம் ஏச்சாகவே இருந்தது. தம்பி பேரைச் சொல்லி ஏசும்போது மட்டும் அண்ணன் எழுந்து வெளியே போவார், சற்று நேரம் கழித்துத் திரும்பி வருவார்.

யுத்தம் ஓய்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மதுரை காஜிமார் தெருவைச் சேர்ந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அண்ணன்மாரோடு அதே கப்பலில் இருந்தவர். நாங்கள் அவரைப் பாய் அண்ணன் என்றே அழைக்கிறோம். பெரியண்ணன் பட்டறையில் இருந்தார். அம்மா அடுப்படியில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். முன்கட்டில் எனக்கும் மதினிக்கும் அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

பிற்பகல் சாப்பாடு முடிந்த நேரத்தில் குண்டு கப்பலைத் தாக்கியிருக்கிறது. சின்னண்ணன் தந்தி அறையை விட்டு வராமல் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். நீராவிக் குழாய் வெடித்து அவர் உடம்பெல்லாம் வெந்துவிட்டது. பெரியண்ணன் உள்ளே போய் அவரைத் தூக்கிக்கொண்டு கடலில் குதித்திருக்கிறார். தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்திருந்தது. ஒரு கையால் பலகையையும் மறு கையால் தம்பியையும் பிடித்துக்கொண்டு, எண்ணெயைக் குடித்தபடியே மிதந்திருக்கிறார்.

"பொழுது சாயறப்பத்தான் எங்க படகு அவுககிட்டப் போச்சு தங்கச்சி. சின்னவரு அதுக்கு முந்தியே மௌத்தாயிட்டாரு. அண்ணே அவரை விடல. படகுல எடமில்லண்ணே, உசுரோட இருக்கறவுகளத்தான் ஏத்த முடியும்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தோம். கேக்கல. கடைசில நாங்கதான் அவரு வெரலு ஒவ்வொண்ணாப் பிரிச்சோம்."

மதினி அழுதார். நான் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஆமா, அம்மா போட்ட கடுதாசி. அத கையில வச்சுக்கிட்டுத் துரைகிட்ட மூணு வாட்டி போய் நின்னாரே. ஒரே வீட்டுப் பிள்ளைக ஒரே கப்பல்ல வேணாம்னு துரை சொன்னாரு. எங்கம்மா கேட்டுட்டாக, முடியாதுன்னு எப்படிங்க சொல்றதுன்னு மன்றாடித்தான் உத்தரவு வாங்குனாரு."

அடுப்படியில் அம்மிச் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அன்று பெரியண்ணன் பட்டறையிலிருந்து வந்ததும் அம்மாவே தட்டு வைத்துச் சோறு போட்டார். அண்ணன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். அதன் பின் வீட்டில் ஏச்சு இல்லை. பேச்சும் அதிகம் இல்லை.

அன்று கடலில் குடித்த எண்ணெய் அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பாய் அண்ணன் வந்துபோன ஓர் ஆண்டுக்குள் படுக்கையில் விழுந்தார். தெப்பக்குளத்தில் அலுக்காமல் நீந்தியவர், தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே மூச்சு வாங்கினார். கடைசி நாளுக்கு முந்திய நாள் காலையில் அம்மா அவர் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார்.

"நான் சொல்லித்தானே அவன ஒங் கப்பலுக்குக் கூப்பிட்டுக்கிட்ட?"

அண்ணன் வெகுநேரம் இருமினார். பிறகு, "இல்லம்மா. ஒங் கடுதாசி வர்றதுக்கு முந்தியே உத்தரவு வந்துருச்சு" என்றார்.

"எனக்குத் தெரியும்யா."

"இல்லம்மா. முந்தியே வந்துருச்சு."

அம்மா அவர் விரல்களைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் முற்பகலில் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

அவர் நோயுற்றிருந்த காலத்தில் வீடு தேடி வந்து பார்த்த வைத்தியருக்கும், முறை வைத்து உடன் இருந்த பட்டறைத் தோழர்களுக்கும், உலை வைக்க இயலாத எங்கள் வீட்டுக்கு நாள்தோறும் சோறு கொடுத்தனுப்பிய வண்டியூர் அண்டை அயலாருக்கும் எங்கள் நன்றி. உடன்பிறந்த தம்பியைப் போல் பாடையைத் தோளில் சுமந்த பாய் அண்ணனுக்கும், பேசாதிருந்த ஆண்டுகளை எண்ணிக் கதறியபடி கொள்ளி வைத்த தாய்மாமனுக்கும் நன்றி. குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு கடைசி மூச்சு வரை பணிவிடை செய்த மதினிக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் போதாது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இக்கட்டுரையை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு மன வருத்தம் தருமோ என்று அஞ்சி, வாசலில் அவர் ஏசியதையும் ஆற்றங்கரையில் விலக்கியதையும் எழுதாமல் விட்டிருந்தேன். கேட்டு முடித்துவிட்டு அம்மா சொன்னார்:

"நான் ஏசுனதையும் போடு. அத விட்டுட்டா எம் மகன் பொறுத்துக்கிட்டுப் போனது யாருக்குத் தெரியும்?"