காதிலை வோக்மன், வாசலிலை யோகன்

தையற்காரனுக்குக் கத்தரிக்கோல் இரண்டாம்பட்சம், முதலிலை வேண்டியது காது. ஆளின்ரை அளவை நாடா சொல்லும். ஆளின்ரை விருப்பத்தை ஆள்தான் வாயாலை சொல்லவேணும். எண்பதுகளின்ரை நடுவிலை யாழ்ப்பாணத்து மானிப்பாயிலை இரண்டு தையல் மெசினோடை கடை நடத்தின எனக்கு இது தெரியாததில்லை. ஆனால் ஜேர்மனியிலை இருந்த அண்ணை ஒரு வோக்மன் அனுப்பிப் போட்டார். கசெற் போட்டுக் கேக்கிற உள்ளங்கை அளவுப் பெட்டி. காதிலை மாட்டினால் பாட்டு எனக்கு மட்டும். இப்ப காதிலை ஏதேன் செருகிக்கொண்டு இதை வாசிக்கிறவையே, சிரியாதேங்கோ. நானும் உங்கடை ஆள்தான்.

முழுக்கை

நீர்வேலியிலை வாழைத்தோட்டம் செய்யிற ஒரு ஐயா, மகளின்ரை கலியாணத்துக்குச் சேட்டுத் தைக்க வந்தார். அளவெடுக்கேக்கை கனக்கக் கதைச்சார். நான் காதிலை ஓடின பாட்டுக்குத் தலையாட்ட, தன்ரை கதைக்குத்தான் ஆட்டிறன் எண்டு அவர் நினைச்சார்.

கலியாணத்துக்கு முதல்நாள் வந்து சேட்டைப் போட்டவர், இரண்டு கையையும் நீட்டி நீட்டிப் பார்த்தார். வாழைக்கயர், அந்தப் பால்கறை பட்டுக் கறுத்த கை. அதை மறைக்கத்தானாம் முழுக்கை கேட்டவர். நான் தைச்சு வைச்சது அரைக்கை. மிச்சத் துணியும் இல்லை. முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. மனுசன் ஏசியிருந்தாலும் பரவாயில்லை. ஆறுதலாய்த்தான் கேட்டார்:

"தம்பி, அண்டைக்கு நான் கதைச்சது உம்மோடையோ, உம்மடை மெசினோடையோ?"

சந்தோசம்

புத்தி வந்ததோ? எங்கை வந்தது! அடுத்த மெசினிலை யோகன் இருந்தான். ஏழு வருசமாய் என்னோடை தைச்சவன். வாற சனம் சொல்லுறதை எனக்கும் சேர்த்து அவன் கேட்டு, துணியிலை சோக்காலை குறிச்சு வைப்பான். பிறகென்ன, எனக்கு இன்னும் வசதியாய்ப் போச்சு.

ஒருநாள் அவன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் ஒரு ரீச்சர் வந்தா. கையிலை பழைய பட்டுச்சீலை. அதை மேசையிலை வைச்சு, தடவித் தடவி ஏதோ சொன்னா. வீட்டிலை விசேசமாக்கும் எண்டு நினைச்சு, "நல்லது ரீச்சர், சந்தோசம்" எண்டு பல்லைக் காட்டினன். அவவின்ரை முகம் போன போக்கைப் பார்த்துத்தான் காதிலை மாட்டினதைக் கழட்டினன். இண்டைக்கும் அந்த ரீச்சரைக் கண்டால் நான் சைக்கிளை ஒழுங்கைக்குள்ளை திருப்பிறனான்.

"அம்மா செத்து முப்பத்தொரு நாள் எண்டு சொன்னனான் அண்ணை. சட்டை தைக்க வேண்டாம், அவவின்ரை சீலையைத் தாங்கோ."

போம்

இதோடை அந்தச் சனியனைத் தூக்கி எறிஞ்சிருப்பன் எண்டு நினைப்பியள். எறியேல்லை.

எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் 'போறன்' எண்டு சொல்லிப் போறேல்லை. 'போட்டு வாறன்' எண்டுவினம். நிக்கிறவர் 'ஓம், வாரும்' எண்டு சொல்லவேணும். அதைக் கேட்டால்தான் போறவருக்குக் கால் எழும்பும். வெளிக்கிடுற ஆளைப் பார்த்து 'போம்' எண்டு மட்டும் சொல்லவே படாது.

ஒரு பின்னேரம் யோகன் மெசினை மூடிப்போட்டு வாசலிலை நிண்டான். வாய் அசைஞ்சுது. என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டான். திரும்பவும் அசைஞ்சுது. எனக்கெண்டால் பாட்டு நல்ல இடத்திலை. தேத்தண்ணிக்குத்தான் போகக் கேக்கிறான் எண்டு நினைச்சு, "ஓம் ஓம், போம்" எண்டு கையையும் வீசிக் காட்டினன். அவன் இன்னும் கொஞ்சநேரம் நிண்டுபோட்டுப் படியிறங்கிப் போனான்.

இரண்டு நாளாய் ஆளில்லை. மூண்டாம் நாள் அவன்ரை மனுசி மகேஸ்வரி வந்தா. யோகன் ஜேர்மனிக்குப் போகக் கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டானாம். வழியிலை ஆமி ஆரை மறிக்கும், ஆரைப் பிடிக்கும் எண்டு தெரியாத காலம். அதாலை ஊரறியச் சொல்லேல்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சொல்லப் பார்த்தவனாம். நான்தான் காதைக் குடுக்கேல்லை. அவனுக்கு வழியிலை ஏதும் நடந்தால், கடைசியாய் நான் சொன்ன சொல்லு அந்தப் 'போம்' தானே!

"உங்களுக்கு மட்டும் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறன் எண்டுதான் கடைக்கு வந்தவர். 'அண்ணை என்னைப் போம் எண்டிட்டார்' எண்டு சோறும் தின்னாமல் போனவர்."

கசெற்

நாலு மாதம் நான் ஒழுங்காய் நித்திரை கொள்ளேல்லை. பிறகு அவன் போய்ச் சேர்ந்து, மகேஸ்வரிக்கு விலாசம் வந்தது. கடிதம் எழுத இருந்தன். வெட்கத்திலை ஒரு வரி ஓடேல்லை. பக்கத்துக் கடை றெக்கோடரை இரவல் வாங்கி, கதவைச் சாத்திப்போட்டு, என்ரை நல்ல பாட்டுக் கசெற் ஒண்டிலை பாட்டை அழிச்சுக் கதைச்சன். மன்னிப்புக் கேட்டன். "வாரும் யோகன், சுகமாய்ப் போட்டு வாரும்" எண்டு எத்தினை தரம் சொன்னன் எண்டு தெரியாது. அழுதும் போட்டன். அதை அப்பிடியே தபாலிலை போட்டன்.

மகேஸ்வரி அடுத்த கடிதத்தைக் கொண்டு ஓடி வந்தா. நான் மெசினை விட்டு எழும்பி, இரண்டு காதாலையும் கேட்டன்.

"கசெற் கிடைச்சுதாம் அண்ணை. அவர் இருக்கிற அகதி முகாமிலை போட்டுக் கேக்கப் பெட்டி இல்லையாம். 'அண்ணை என்ன சொன்னவர்' எண்டு உங்களைக் கேட்டு என்னை எழுதட்டாம்."

வாசலிலை நிண்டவனுக்குச் சொல்லவேண்டிய ஒரு சொல்லை அறுபது நிமிசக் கசெற்றிலை அடைச்சு ஜேர்மனிக்கு அனுப்பின பேயன், மானிப்பாயிலை நான் ஒருத்தனாய்த்தான் இருப்பன்.