பேரையூர் அக்கா மீது நான் கொண்ட பொறாமை

அந்த ஒலிப்பதிவில் ஏறக்குறைய நான்கு நிமிடங்களுக்கு யாருமே பேசவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசையும், வெளியே திருமங்கலம் பக்கம் போகும் பேருந்துகளின் ஹாரனும்தான் கேட்டன. வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு சின்ன ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவரை பேசியவர் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன். பாதியில் நிறுத்திவிட்டார். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, தொண்டையைக்கூடச் செருமவில்லை. கடைசியில் அந்தத் தகப்பன், "அவன் செருப்பு இன்னும் வாசல்லதான் கெடக்கு" என்றார். பிறகு அழுதார். எங்கள் பயிற்சியாளர் பதிவை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இப்படி உக்காந்திருக்கிறதை என்னால கத்துக்குடுக்க முடியாது" என்றார். அந்த நேரத்தில் என் நோட்டில் நான் எழுதிய வரி இது: மௌனம் மிக நீளம், நுட்பம் இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்தவரை நாங்கள் எல்லோரும் பேரையூர் அக்கா என்போம். பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அக்கா நர்ஸ் படிப்பு படித்து இருபது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இடையில் தபால் வழியாக உளவியல் பட்டம் வாங்கினார். நாற்பத்து நாலு வயதில், உளவியல் சிகிச்சை தரும் பயிற்சிக்காக மதுரைக்கு வெளியே இருந்த எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது இருபத்தாறு. அம்மா, அப்பா இருவரும் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். முதல் மதிப்பெண் வாங்குவது எங்கள் வீட்டில் பல் துலக்குவது மாதிரி. அதற்காக யாரும் பாராட்ட மாட்டார்கள், தவறினால் மட்டும் கேட்பார்கள்.

அந்தப் பயிற்சி மூன்று கால் முக்காலி போன்றது. வாரக் கடைசியில் கோட்பாட்டு வகுப்பு. வார நாட்களில், மனப்பாரத்தோடு வருபவர்களை நாங்களே சந்தித்து, நடந்ததை அப்படியே பயிற்சியாளரிடம் ஒப்பிக்க வேண்டும். மூன்றாவது எங்களைப் பற்றியது. நாங்கள் ஒவ்வொருவரும் வேறொரு சிகிச்சையாளரிடம் வாராவாரம் போய் உட்கார்ந்து, எங்கள் சொந்த மனத்தை அவர் முன் திறந்துவைக்க வேண்டும். இது போக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து எங்களுக்குள் நடப்பதைப் பேசும் குழு. முதல் காலில் நான் மையத்திலேயே முதல் ஆள். மூன்றாவதை, சான்றிதழுக்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய சடங்கு என்று நினைத்திருந்தேன்.

அக்காவுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் கடினம். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே என்னிடம் கேட்பார். ஒருநாள், கேட்டுக்கொண்டிருப்பவரின் சொந்தக் காயம் எதிரே இருப்பவர் மீதான உணர்ச்சியாக மாறுவதைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். அக்கா சோற்றைப் பிசைந்தபடியே, "அதாவது எனக்குப் பல்வலின்னா ஒன் சிரிப்பப் பாத்து எரிச்சல் வருது. அம்புட்டுத்தான தங்கச்சி?" என்றார். பிற்பகல் வகுப்பில் அதையே சொன்னார். பயிற்சியாளர் சிரித்து, கரும்பலகையில் எழுதிப் போட்டார். விளக்கியது நான். பயிற்சியாளருக்கு அது தெரியாது. அக்கா, "இந்தத் தங்கச்சிதான் சொல்லிக்குடுத்துச்சு சார்" என்று என்னைக் காட்டவும் செய்தார். அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் எரித்தது.

ஆனால் உண்மையான எரிச்சல் அடுத்த அறையிலிருந்து வந்தது. என்னிடம் வந்தவர்கள் மூன்று முறை வருவார்கள், நான்காவது முறை வரமாட்டார்கள். அக்காவிடம் வந்தவர்கள் தங்கள் தம்பியையும் மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கல்லூரி மாணவி இருந்தாள். யார் என்று தெரியக்கூடிய எதையும் இங்கே எழுதப்போவதில்லை. மூன்று வாரம் என்னிடம் வந்தாள். அவளுடைய பயத்துக்கு மூன்று கோட்பாடுகளின்படி மூன்று விளக்கம் எழுதி வைத்திருந்தேன். நான்காவது வாரம் அவள் வரவேற்பில் நின்று, "அந்த நர்ஸ் அக்காகிட்ட மாத்திக்கிறலாமா?" என்று கேட்டது, கதவு திறந்திருந்ததால் என் காதில் விழுந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். புதன்கிழமைதோறும் அந்த மூடிய கதவைக் கடக்கும்போது நடையைக் குறைப்பேன். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் ஒருநாள் கேட்டது. என்னிடம் அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தார். குரலில் பதற்றம். "தங்கச்சி, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல அந்தப் புள்ள ஒத்தையில நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு. ஒடம்பெல்லாம் நடுங்குது. விட்டுட்டு வர மனசு வரல. ஒரு டீ வாங்கிக் குடுத்து, அவுக அப்பா வார வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன். வெளிய வச்சுப் பாக்கக் கூடாதும்பாகளே, இது தப்பா? சார்கிட்ட சொல்லணுமா? ஒனக்குத்தான் ரூல்ஸ் எல்லாம் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். அடுத்த சந்திப்பில் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். மறைத்தால்தான் குற்றம். இத்தனையும் தெரிந்திருந்தும், "இதுல என்னக்கா இருக்கு? சொல்லத் தேவையில்ல, விடுங்க" என்றேன். "ஆண்டவன் ஒன்னய நல்லா வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பத்து நாள் கழித்து மைய இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பயிற்சியில் இருக்கும் ஒருவர், தன்னிடம் வருபவரை மையத்துக்கு வெளியே சந்திக்கிறார், பயிற்சியாளரிடம் அதை மறைக்கிறார், மையத்தின் நற்பெயர் கருதித் தெரிவிக்கிறேன் என்று. அக்காவின் பெயரைக் குறிப்பிட்டேன், என் பெயரைப் போடவில்லை. அந்தக் கடிதத்தில் பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. கேட்டது யார், சொல்லாதே என்று சொன்னது யார் என்பது மட்டும் அதில் இல்லை.

விசாரணையில் அக்காவிடம், ஏன் பயிற்சியாளரிடம் சொல்லவில்லை என்று கேட்டார்கள். "எனக்குத் தோணல சார்" என்றாராம். என் பெயரை அவர் சொல்லவில்லை. ஆறு மாதம் யாரையும் சந்திக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். அந்த மாணவியை வேறொருவருக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் வந்தாள். அப்புறம் வரவே இல்லை. இன்றுவரை அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அக்கா வகுப்புக்கும் குழுவுக்கும் மட்டும் வந்தார், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மதியம் என் பக்கம் வந்து உட்காரவில்லை. அவர் அந்தச் சம்பவத்தைச் சொன்னது என் ஒருத்தியிடம்தான். அப்படியென்றால் கடிதம் எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. இது எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆனது. கோட்பாட்டில் முதல் ஆள்!

என்னுடைய சொந்தச் சிகிச்சைக்காக மதுரையில் ஓர் அம்மையாரிடம் போய்க்கொண்டிருந்தேன். அவரிடம் மாதக்கணக்கில் விதிமுறைகளைப் பற்றியே பேசினேன். எல்லை மீறுவதன் ஆபத்துகள், நர்ஸ் வேலையிலிருந்து வருபவர்களின் தொட்டுப் பேசும் பழக்கம், இப்படி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள், "நாலு மாசமா இங்க வந்து அந்த அக்காவைப் பத்தியே பேசுறீங்க. உங்களைப் பத்தி எப்பப் பேசலாம்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். எடுத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, "அவங்க மாதிரி என்னால இருக்க முடியலை" என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வருமென்று நான் நினைத்திருக்கவில்லை.

அடுத்து நடந்த குழுவில் சொல்லிவிட்டேன். போன் வந்ததையும், நான் சொன்ன பதிலையும், கடிதத்தையும். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவ, எதிரே இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்போது அக்கா பேசினார். குரல் உயரவில்லை.

"அழுகாத. நீ அழுதா எல்லாரும் ஒன்னயத்தான் பாப்பாக. இப்ப என்னயப் பாக்கட்டும்."

பாட்டிலை நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரில எது காணாமப் போனாலும், எவன் தப்புப் பண்ணுனாலும் மொதல்ல என் மொகத்தத்தான் பாப்பாக. எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ளன்னு தெரிஞ்சதால. இங்க வந்தப்ப, படிச்சவுக, மனசப் பத்திப் படிக்கிறவுக, இங்க அது இருக்காதுன்னு நெனச்சேன். ஒன்னயத்தான் தங்கச்சி மொதல்ல நம்புனேன். எனக்கு ஒம் மேல கோவம் இருக்கு. அது எப்பப் போகும்னு தெரியல. போகாமயும் இருக்கலாம். அந்தப் புள்ளைக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

யாரும் என் முதுகைத் தடவவில்லை. ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: வெட்கத்தில் தலை குனிந்திருந்த அந்த நிலையிலும், இத்தனை நேராகப் பேச இவருக்கு எப்படி வருகிறது என்று உள்ளே ஒரு பொறாமை மூண்டது.

அக்காவின் தடையை நீக்கினார்கள். என்னை ஒரு வருடம் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் அக்கா சான்றிதழ் வாங்கி, திருமங்கலத்தில் ஒரு மாடி அறையில் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினார். மூன்று வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் அதே மையத்தில் கோட்பாடு கற்பிக்கச் சேர்ந்தேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என் வகுப்பில் குறிப்பெடுத்துவிட்டு, "மேம், எங்களைத் திருமங்கலத்து அக்காகிட்ட அனுப்புவீங்களா?" என்று கேட்பார்கள். அனுப்புவேன். அன்று சாயங்காலம் வீட்டில் யாரிடமாவது காரணமில்லாமல் எரிந்து விழுவேன்.

நான்காவது வருடம் அவரே போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. "ஒருத்தர் விசயத்துல எனக்கு ஒண்ணும் பிடிபடல. புஸ்தகத்துல என்ன இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும். ஒன்னய நம்பிட்டேன்னு நெனச்சுக்கிறாத. இந்தப் பக்கம் கேக்க வேற ஆள் இல்ல" என்றார். போனேன். அதற்குப் பிறகு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மதியம் அந்த மாடி அறைக்குப் போகிறேன். பெயர்களைச் சொல்லாமல், அவர் சிக்கிக்கொண்ட இடத்தை அவர் சொல்வார், என்னுடையதை நான் சொல்வேன். இப்போது என்னிடம் வருபவர்கள் நான்காவது முறையும் வருகிறார்கள். ஆனால் யாரும் தம்பியையும் மதினியையும் கூட்டி வருவதில்லை.

போன சனிக்கிழமை அக்காவின் முகம் சரியில்லை. ஒரு பெண்ணிடம் அவசரப்பட்டு ஒரு வார்த்தையை விட்டுவிட்டாராம். அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள், போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். சொல்லும்போது அக்காவின் விரல்கள் சேலை முந்தியைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. எனக்குள் குளிர்ந்த நீர் இறங்குவது மாதிரி ஒரு இதம் பரவியது. அது என்னவென்று கண்டுபிடிக்க இந்தத் தடவை எனக்கு இரண்டு வாரம் ஆகவில்லை.

"அக்கா, நீங்க தப்புப் பண்ணுனதைக் கேட்டு எனக்குச் சந்தோசமா இருக்கு" என்றேன்.

அக்கா முந்தியைச் சுருட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எம்புட்டு?"

"நெறைய."

"சரி" என்றார். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப மிச்சத்தக் கேளு."

கேட்டேன்.