எண்ணெய் இல்லாத கை

வயிற்று வலியோடு வருகிறவர்களுக்குக் கை வைத்துப் பார்க்கிற இடத்தில், துண்டு மடிக்கிறது என் வேலை. ஓசூரில் கம்பெனி பஸ் நிற்கிற ரோட்டில் சின்ன பிசியோதெரபி சென்டர். மேடம் ஒருத்தர், நான் ஒருத்தி. மடித்ததைக் கீழ்த்தட்டில் அடுக்கக் குனியும்போதெல்லாம் பிரசவ ஆபரேஷன் தையல் போட்ட இடம் உள்ளே சுருக்கென்று இழுக்கும். பையன் பிறந்து வருஷமாகிவிட்டது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால் நான் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். தையல் ஆறிவிட்டது என்கிறார் ஆஸ்பத்திரி டாக்டர். மேடத்திடம் சொல்லக் கூச்சம். வலியைச் சொல்லாமல் வேலைக்குப் போகிற உங்களுக்குப் புரியும்.

எண்ணெய் பாட்டில்

எங்கள் பக்கம் வயிறு வலித்தால் குடல் ஏறிக்கொண்டது என்போம். விளக்கெண்ணெய் விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் வழித்துவிடுவார்கள். ஜவளகிரியிலிருந்து வந்த ராகி விவசாயி பாட்டிலோடு வந்தார். பல்லைக் கடித்துக்கொள்ள என்னிடம் துண்டும் கேட்டு வாங்கினார்.

மேடம் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கித் தொப்புள் பக்கத்தில் வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் தொட்டுப் பார்ப்போமே, அவ்வளவு அழுத்தம்தான். மூச்சு விட விட உள்ளே எல்லாம் அசையுமாம். எங்கே அசையவில்லையோ அங்கே கை காத்திருக்கணுமாம். அவர் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மேடம் கையை எடுத்ததும் கேட்டார்: "சரிங்க மேடம், எப்போ ஆரம்பிப்பீங்க?"

லைனில் நிற்கிற பெண்

அடுத்த வாரம் அந்த விவசாயி பாட்டில் இல்லாமல் வந்தார், வலி கொஞ்சம் தேவலையாம். எல்லாருக்கும் அப்படி இல்லை. திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, கம்பெனியில் பொருள் பூட்டுகிற லைனில் நின்றே வேலை பார்க்கிறவள், மாதாமாதம் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மேடம் கை வைத்த கொஞ்ச நேரத்தில் அவள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. முகத்தை மூடிக்கொண்டாள். திரைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு, அந்த வயிறு என்ன சொல்கிறது என்று கிட்டப் போய்க் கேட்க ஆசையாக இருந்தது. பார்த்தால் தூங்கிவிட்டாள். எழுப்பினேன். "வலி போச்சான்னு தெரியலக்கா, ஆனா வலி நாள்ல நான் படுத்துத் தூங்கினது இன்னைக்குத்தான்."

தொடாத வயிறு

குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு விற்கிறவர் வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், காய்ச்சல் வேறு. மேடம் கையே வைக்கவில்லை. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குடல்வால் வீக்கம், அன்றைக்கே ஆபரேஷன். பிறகு வந்த அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆட்டோ பூரா உங்க மேடத்தைத் திட்டிக்கிட்டே போனேன் கண்ணு, அந்த வேகத்துலதான் வண்டி சீக்கிரம் போச்சு."

எனக்கு ஒன்று

நேற்றுத்தான் நான் வாயைத் திறந்தேன். டாக்டர் சீட்டையும் காட்டினேன். உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டு இழுக்கலாம், மெதுவாகக் கை வைத்துப் பார்க்கலாம், சரியாகிவிடும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார் மேடம். கிளம்பும்போது சொன்னார்: "ஊருக்கெல்லாம் துண்டு விரிச்ச, நாளைக்கு உனக்கு ஒண்ணு விரிச்சுக்கோ தேவி."

அந்தத் துண்டைத்தான் மடிக்காமல் மடியில் வைத்திருக்கிறேன். மொத்தத்தில் எனக்குப் புரிந்தது, வயிற்றுக்குள் இருக்கிற வலியைவிட அதை வாய்க்குக் கொண்டுவருவதுதான் பெரிய வைத்தியம், ஏனென்றால் என்னை மாதிரி ஆளுங்க... இதோ மேடம் கூப்பிடுகிறார், கை சூடாகிவிட்டதாம், நான் போய்ப் படுக்கிறேன்.