அண்ணன் டாக்டரிடம் சொன்னது

தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அண்ணன் கரண்டி கேட்ட மதியத்தை நான் மறக்கவில்லை. வாழையிலையிலிருந்து சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி மடியில் சிந்தியது. கரண்டி வந்ததும் தலை நிமிராமல் சாப்பிட்டார். மேசைக்கு அடியில் அவர் கால்கள் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை.

அண்ணன் மெல்பர்னில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கேதான் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின, மாத்திரையும் தொடங்கியது. திரும்பி வந்து பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் தங்கிய முதல் சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தார். பிறகு கை நடுங்கியது, முகம் இறுகியது. உட்கார முடியாமல் வீட்டுக்கு வெளியே காரிடாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழுதார். கிளினிக்கில் பார்த்த டாக்டருக்கும் அது மனப் பதற்றமாகவே தெரிந்தது. மாத்திரையைக் கூட்டினார், நடுக்கமும் கூடியது.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஒருநாள் அண்ணன் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார்.

"அங்க தினமும் கஞ்சா இழுப்பேன். இழுத்தா நடுக்கம் அடங்கின மாதிரி இருக்கும். இங்க வந்ததிலேர்ந்து தொடல. யார்கிட்டயும் சொல்லிராத லா, புடிச்சு உள்ள வச்சிருவாங்க."

நான் சொல்லவில்லை. விட்டுவிட்டாரே, அது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன். வெளிநாட்டில் புகைத்தாலும் எங்கள் நாட்டுச் சட்டப்படி குற்றம் என்று பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். மூன்று மாதம் அவர் காரிடாரில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த முறை டாக்டர் மறுபடியும் மாத்திரையைக் கூட்டப் போனபோது அண்ணனே குறுக்கிட்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் தமிழ்ப் பெண்மணி. அண்ணனைத் திட்டவில்லை.

"எப்ப நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ப்ளேன் ஏறுறதுக்கு முந்தின நாள்."

டாக்டர் அண்ணனின் மாத்திரைப் பட்டியலை மறுபடியும் பார்த்தார். பிறகு விளக்கினார். கஞ்சாவோ சிகரெட்டோ, புகை உள்ளே போனால் அண்ணன் சாப்பிடும் வகை மாத்திரையை உடம்பு சீக்கிரம் கழித்துவிடும். நடுக்கம் அடங்கியதுபோல் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் கஞ்சா குரல்களைத் தூண்டும். அதனால் அங்கே மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள். புகை நின்றதும் அதே அளவு உடம்பில் தேங்கி மிஞ்சிவிட்டது.

"உங்க நடுக்கம், நடை எல்லாம் நோய் இல்ல, மருந்து. நான் கூட்டியிருக்கக் கூடாது" என்றார்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அண்ணனைத் தேடி போலீஸ் யாரும் வரவில்லை. இப்போது அவருக்குத் தீவின் மறுகோடியில், சுவா சூ காங்கில் கிடங்கு வேலை. அவ்வளவு தூரமும் ரயிலில் உட்கார்ந்தே போகிறார். வலது கட்டைவிரலில் மட்டும் ஒரு சிறு நடுக்கம் மிச்சம் இருக்கிறது.

போன மாதம் அவரிடம், "அன்னைக்கே நான் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்ண்ணே" என்றேன்.

"சொல்லியிருந்தா உன் முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஆனா மூணு மாசம் அப்படி நடந்திருக்கவும் மாட்டேன்" என்றார்.